கேஸ் டேங்கரில் இருக்கும் அந்த நம்பர்

கோவை அவிநாசி மேம்பாலத்தில் 2025 ஜனவரி 3 அதிகாலை 18 டன் எல்பிஜியோடு வந்த டேங்கர், லாரியிலிருந்து கழன்று கவிழ்ந்தது நினைவிருக்கும். கேஸ் கசியக் கசிய, தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்கில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. அந்த வீரர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் ஜெய்ப்பூரில் யூ-டர்ன் எடுத்த கேஸ் டேங்கர்மீது லாரி மோதி, பலர் தீயில் கருகிப் போனார்கள்.

ஆபத்தான சரக்கு ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும், லைசென்ஸில் அதைப் பதிய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சரி, தூக்கம்? ராத்திரி முழுக்க ஒரே ஆளை ஓட்டவிட்டு என்ன பயிற்சி கொடுத்து என்ன பயன்? மாற்று ஓட்டுநர் இல்லாமல் டேங்கரைக் கிளப்பவே விடக்கூடாது.

அப்புறம், டேங்கரின் பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு பலகை இருக்கும். அதில் 1075 என்றால் எல்பிஜி, 1203 என்றால் பெட்ரோல். 112-க்கு அழைக்கும்போது அந்த எண்ணையும் சொல்லுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவிச் சாக்கடையிலும் பள்ளத்திலும் தங்கும். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், காற்றடிக்கும் திசைக்கு எதிராக விலகிப் போங்கள். வீடியோ எடுக்கக் கிட்டே போகாதீர்கள், தயவுசெய்து.