கைலாசநாதர் கோயில் சுவரில் ஒரு சோமாஸ்கந்தர்

காஞ்சிபுரம் போகிறவர்கள் பெரும்பாலும் காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர் தரிசனம் முடித்துவிட்டுப் பட்டுக்கடைப் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கைலாசநாதரை அவசியம் பாருங்கள். குறிப்பாக, அங்கே சுவரில் இருக்கும் ஒரு சோமாஸ்கந்தர் ஓவியத்துக்காக: சிவனும் உமையும், நடுவில் குழந்தை முருகனும்.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கற்கோயில் இது. சேக்கிழார் சொல்லும் பூசலார் கதையில் காடவர்கோன், அதாவது பல்லவ மன்னன், கட்டிய கோயில் இதுதான் என்பார்கள். குடமுழுக்குக்கு முந்தைய இரவு இறைவன் கனவில் வந்து, நாளை நின்றவூரில் பூசலார் மனத்துக்குள் கட்டிய கோயிலுக்குப் போகிறேன், நீ வேறு நாள் பார்த்துக்கொள் என்று சொன்னாராம்.

மூலவர் பதினாறு பட்டை லிங்கம். கருவறையைச் சுற்றிவரும் குறுகலான வழியில் தவழ்ந்து நுழைந்து, தவழ்ந்தே வெளியே வர வேண்டும். அம்மா முழங்கால் வலியோடு அதையும் செய்தாள்.

அப்புறம் பிராகாரம். மதிலை ஒட்டிச் சுற்றிலும் 58 சிறு சன்னதிகள். ஒரு காலத்தில் இவை எல்லாமே சுதை பூசி வண்ணம் தீட்டப்பட்டிருந்தன. பிற்காலத்தில் மேலே சுண்ணாம்பு ஏறி எல்லாம் மறைந்துபோனது. 1931-ல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் கண்டு சொன்ன பிறகுதான், அடியில் பல்லவர் ஓவியம் இருப்பது வெளியுலகுக்குத் தெரிந்தது.

அப்படி மிஞ்சியதில் ஒன்றுதான் அந்தச் சோமாஸ்கந்தர். முதலில் எனக்குக் கறைகள்தான் தெரிந்தன. பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது, நிறமும் பெரும்பாலும் போய்விட்டது. கொஞ்ச நேரம் நின்ற பிறகு செங்காவிக் கோடு ஒன்று கண்ணில் பிடிபட்டது. அதைத் தொடர்ந்து போனால் ஒரு தோள், மடிந்த ஒரு கால். அந்தக் கோட்டில் தயக்கமே இல்லை. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தச் சுவரின் முன் நின்றவர், தான் வரைவது யாரை என்று நெஞ்சார அறிந்தவர். எனக்கு மெய் சிலிர்த்தது.

"குழந்தை எங்கேம்மா?" என்றேன்.

"நடுவுல பாருடா, அம்மா பக்கம்."

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. திருவாரூரில் பிறந்து வளர்ந்தவள். தியாகராஜரும் சோமாஸ்கந்த மூர்த்திதானே. "ஆரூர்ல மட்டும் முழுசாவா பாக்கறோம்? பூவும் பட்டும் மூடியிருக்கும், முகம்தான் தெரியும். மீதி நமக்கே தெரியாதா?" என்றாள்.

அதைக் கேட்ட பிறகு சுவரில் விட்டுப்போன இடங்கள் என்னை உறுத்தவில்லை. எத்தனையோ கோயில்களில் புதிதாகப் பளிச்சென்று வண்ணம் அடித்த சுதைச் சிற்பங்களைக் கும்பிட்டிருக்கிறேன். இந்த அரைகுறைக் கோடுகள் முன்னால்தான் சிவனும் உமையும் பிள்ளையுமாக ஒரு குடும்பத்தின் எதிரே நிற்பதாகத் தோன்றியது. வருத்தம் ஒன்றுதான்: பக்கத்துச் சன்னதிகளில் சுவரைத் தொட்டுத் தடவிப் பார்க்கிறார்கள், பெயர் கீறுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சுதை விரல் பட்டாலே உதிரக்கூடியது.

கிளம்பும் முன் மறுபடி மூலவரிடம் போனோம். லிங்கத்துக்குப் பின்சுவரிலும் சோமாஸ்கந்தர் புடைப்புச் சிற்பம் உண்டு, முதலில் அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை. தீபத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொல்லி அம்மா கேட்டாள்.

"முருகனைத்தானே தேடறேள்? இதோ, அம்பாள் கிட்ட," என்று குருக்கள் காட்டினார்.