ஓ9-இல் திரளாத டைஃபாய்டு கிருமி

காய்ச்சல் நோயாளி ஒருவரின் இரத்த வளர்ப்பில் கிடைத்த கிருமி, டி.எஸ்.ஐ. குழாயில் (சர்க்கரைகளும் இரும்பும் கலந்த சோதனை ஊடகம்) வாயு இல்லாமல் மெல்லிய கருங்கோட்டை மட்டும் காட்டி, மற்ற உயிர்வேதிச் சோதனைகளிலும் டைஃபாய்டை உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபி போலவே நடந்துகொண்டது. ஆயினும் கண்ணாடித் தகட்டில் ஓ9 ஆன்டிசீரத்துடன் (டைஃபியின் ஓ9 பகுதியைப் பற்றி அதைத் திரளச் செய்யும் எதிர்ப்பொருள் நீர்மம்) கலந்தபோது சிறிதும் திரளவில்லை. எங்கள் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக மறுவளர்ப்பு செய்யப்பட்டுவரும் டைஃபி மாதிரி, அதே ஆன்டிசீரத்தில் உடனே திரண்டது. எனவே ஆன்டிசீரத்தில் குறையில்லை, வந்திருப்பது டைஃபியே அல்ல என்று முடிவுகட்டினேன். அங்கேதான் தவறினேன்.

கிருமியை மூன்றடுக்குப் பொதியில் எடுத்துக்கொண்டு, நான்கு மணி நேரம் பயணம் செய்து மேல்நிலை ஆய்வகம் ஒன்றை அடைந்தேன். படிவத்தில் மருத்துவரின் முத்திரை இல்லை என்று, பொதியைத் திறந்துகூடப் பாராமல் திருப்பி அனுப்பினார்கள். முந்தைய நாள் தொலைபேசியில் கேட்டபோது அதை யாரும் சொல்லவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

விடுப்பு முடிந்து திரும்பிய மூத்த டெக்னீசியன் கேட்டது ஒரே கேள்விதான்: "கொதிக்க வெச்சுப் பார்த்தீங்களாம்மா?"

ஓ9 என்பது கிருமியின் மேற்பரப்பிலுள்ள லிப்போபாலிசாக்கரைடின் சர்க்கரைச் சங்கிலி. புதிதாகப் பிரித்தெடுத்த டைஃபியில் அதன்மேல் வி.ஐ. என்னும் சர்க்கரை உறை போர்த்தியிருப்பதால், எதிர்ப்பொருள்கள் ஓ9-ஐத் தொட இயலாமல் போகலாம். ஃபீலிக்சும் பிட்டும் 1934-இலேயே விவரித்த செய்தி இது. மறுவளர்ப்பில் அந்த உறையை இழந்துவிட்ட எங்கள் பழைய மாதிரியை நம்பித்தான் நான் ஏமாந்தேன்.

பக்கத்துக் கல்லூரியில் கேட்டு வாங்கிய வி.ஐ. ஆன்டிசீரத்தில் கிருமி திரண்டது. அந்த உறை நீங்குவதற்காக, கிருமியின் சலைன் (உப்புநீர்) கலவையைக் கொதிநீரில் 15 நிமிடம் வைத்து, ஆறவிட்டு, மீண்டும் ஓ9-ஐச் சேர்த்ததும், ரவை தூவியது போல மணிமணியாகத் திரண்டதைக் கண்டு கண் கலங்கிவிட்டது. கசையிழையில் (கிருமி நீந்த உதவும் இழை) டைஃபிக்குள்ள 'டி' அடையாளத்தைத் தேடும் சோதனை மறுநாள் முடிந்தது.

வி.ஐ. மட்டும் திரண்டால் டைஃபி என்று எழுதிவிடாதீர்கள். சிட்ரோபாக்டர் என்னும் வேறு கிருமிகள் சிலவற்றிலும் அதே உறை உண்டு. திரளல் சோதனைக்கான கிருமியை மெக்கான்கி தட்டிலிருந்து (குடல் கிருமிகளைப் பிரித்தெடுக்கும் ஊடகம்) நேரடியாக எடுக்காமல், நியூட்ரியன்ட் அகார் என்னும் சாதாரண ஊடகத்தில் வளர்த்து எடுங்கள். வெறும் சலைனிலேயே திரளும் கிருமியில் எந்த ஆன்டிசீரத்தின் முடிவையும் நம்ப இயலாது.

அறிக்கை நான்கு நாள் தாமதமாகவே வார்டுக்குப் போனது. மருந்து உணர்திறன் முடிவை மட்டும் முதலிலேயே அனுப்பியிருந்ததால், நோயாளிக்குச் சிகிச்சை தடைப்படவில்லை.