நனைந்த இடது கால்

லாயத்தைக் கூட்டி முடித்து பூட்ஸைக் கழற்றினால், இடது காலுறை மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது.

தண்ணீர் புகுந்தது அடிப்பக்கமாக இல்லை. விரல் மடங்கும் இடத்துத் தையல் வழியாக.

வெறும் பனிச்சேறு என்றால் பூட்ஸின் தோல் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா தோலையும் நூலையும் மெல்ல அரித்துவிடுகிறது. தினமும் கழுவித் துடைத்திருக்க வேண்டும். சரி, யார் செய்தார்கள்?

அடுத்தது ரப்பர்தான். கீழே தையலே கூடாது. தடித்த கம்பளிக் காலுறைக்கு இடம்விட்டு வாங்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ரத்தம் ஓடாமல் விரல் இன்னும் விறைக்கும்.

அந்தப் பருமனான பூட்ஸோடு சவாரி மட்டும் கிடையாது. சேணத்தில் கால் வைக்கும் வளையமான அங்கவடியில் கால் சிக்கிக்கொள்ளும்.

விரலுக்கு மேல் இரும்புக் கவசம் வேண்டுமா? குளிரில் அது ஜில்லிடும். ஆனால் 500 கிலோ குதிரை மிதித்துக் கறுத்த நகம் வேறு கட்சி.