பூட்டில் உரசும் சாவி

5 ஜூலை 2025, சனிக்கிழமை

திருமணமாகிப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, இன்றுதான் ஓர் உளவியலாளரைத் தனியே சென்று பார்த்தேன். மூன்றாண்டுகளுக்கு முன்பு நாங்கள் இருவரும் வேறோர் ஆலோசகரிடம் போய், "கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்" என்ற அறிவுரையோடு திரும்பியிருந்தோம். அனுசரித்தே களைத்துப் போனவளிடம் அதைச் சொன்னது இன்றும் கசக்கிறது. இவரோ எடுத்த எடுப்பில், இப்போது வீட்டில் யாராவது உங்களை அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படி ஏதாவது நடந்துகொண்டிருந்தால் பழைய காயத்தைத் தொடுவதற்கு முன் என் பாதுகாப்புக்குத்தான் வழி பார்க்க வேண்டும் என்றார்.

19 ஜூலை, சனிக்கிழமை

அப்பா என்னை ஒருநாளும் அடித்ததில்லை, அம்மாவைத்தான் அடித்தார். ஆகவே எனக்கொன்றும் நேர்ந்துவிடவில்லை என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஃபெலிட்டி, ஆண்டா ஆகியோர் 1998இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், தாய் அடிவாங்குவதைப் பார்த்து வளர்வதும், வீட்டில் குடிக்கு அடிமையானவர் இருப்பதும் சிறுவயதுத் துன்பங்களாகவே கணக்கிடப்பட்டிருப்பதாக உளவியலாளர் சொன்னார்.

சிங்கப்பூரில் நான் வளர்ந்த தோ பாயோ வீட்டின் இரும்புக் கேட்டில் ஒரு பூட்டுத் தொங்கும். அப்பாவின் சாவி ஒரே முயற்சியில் நுழைந்தால் அன்று நல்ல இரவு. துவாரத்தைச் சுற்றி இரண்டு மூன்று முறை உரசினால், அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு என்னை அறைக்குள் போகச் சொல்வார். இன்றும் என்னவர் கை நிறையப் பைகளோடு பூட்டைத் திறக்கத் தடுமாறும்போதெல்லாம் நான் தொலைக்காட்சியை அணைத்துவிடுகிறேன் என்பதை, இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன்.

9 ஆகஸ்ட், சனிக்கிழமை

தேசிய தினம், அமர்வு இல்லை. ஜெஃப்ரி யங் உருவாக்கிய ஸ்கீமா சிகிச்சையைப் பற்றிய குறிப்புகளைப் படித்தேன். சிறுவயதில் பதிந்த 18 வகை ஸ்கீமாக்களை, அதாவது மனவார்ப்புகளை, அவர் பட்டியலிட்டிருக்கிறார். எனக்குப் பொருந்துவன அவநம்பிக்கையும் அடங்கிப்போதலும். இரண்டாவதை எங்கள் உறவினர்கள் நல்ல குணம் என்பார்கள்.

30 ஆகஸ்ட், சனிக்கிழமை

கண்ணை மூடி அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னார் உளவியலாளர். மொசைக் தரையின் குளிர்ச்சிகூடக் காலில் பட்டது. பிறகு, இன்றைய வயதில் இருக்கும் நான் அந்தக் காட்சிக்குள் நுழைந்து, அந்தச் சிறுமிக்குத் தேவையானதைச் செய்ய வேண்டும். அப்பாவை எதிர்த்து என்னால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. உளவியலாளரே உள்ளே வந்து அவரைத் தடுப்பதாகக் கற்பனை செய்துகொண்டோம். தொடக்கத்தில் அப்படித்தான் செய்வார்களாம். நடந்தது மாறாது, அந்த நினைவோடு ஒட்டியிருக்கும் அச்சந்தான் மெல்லத் தளரும் என்றார். வீடு திரும்பும் வழியில் இரண்டு எம்ஆர்டி ரயில் நிலையங்களைத் தவறவிட்டேன்.

20 செப்டம்பர், சனிக்கிழமை

இன்று என்னவரும் வந்தார். எல்லாம் என் பழங்கதைதான் என்று முடிந்துவிடுமோ என அஞ்சியிருந்தேன், அவ்வாறு நடக்கவில்லை. நான் அஞ்சி ஒடுங்குவதைக் கோபம் என்று எண்ணி அவர் கைப்பேசிக்குள் புகுந்துகொள்வதும், அந்த மௌனத்தை அடிக்கு முந்தைய மௌனமாக நான் எண்ணுவதும் ஒன்றையொன்று வளர்ப்பதை உளவியலாளர் தாளில் வட்டமாக வரைந்து காட்டினார். தம் பங்கைப் பார்த்து என்னவர் வெகுநேரம் பேசவில்லை. "டிவியை ஏன் அணைக்கிறாய் என்று நான் கேட்டதே இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

மின்னணுப் பூட்டு வாங்கிவிடலாம் என்று ரயிலில் யோசனை சொன்னார். நல்ல மனத்தோடு சொன்னதுதான். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று அவரிடம் நான் சொன்னதே அபூர்வம்.

18 அக்டோபர், சனிக்கிழமை

தேக்காவில் தீபாவளிக் கூட்டத்தில் சிக்கி அவர் தாமதமாக வந்தார். சாவி இரண்டு முறை உரசியது. என் கை ரிமோட்டின் மேல் இருந்தது, நெஞ்சு படபடத்தது. "நான்தான், கையில் முறுக்கு டப்பா" என்று வெளியிலிருந்தே குரல் கொடுத்தார். நான் எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். பின்னால் வசந்தம் தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.