சாங்கி – நியூயார்க்: குறுக்கு வழி இருக்க, காற்று போகும் வழியில்

சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கு மிகக் குறுகிய தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். பயண நேரம் கிட்டத்தட்ட பதினெட்டே முக்கால் மணி. இடையில் எங்கும் இறங்காமல் போகும் பயணிகள் விமானத் தடங்களில் இதுதான் உலகிலேயே நீளமானது. வந்து இறங்கிய சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் பணம். இதில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே உள்ள விமானம்; பிசினஸில் 67, பிரீமியம் எகானமியில் 94, ஆக மொத்தம் 161 இருக்கைதான். எரிபொருள் 1,65,000 லிட்டர் வரை பிடிக்கும். அவ்வளவு எண்ணெயையும் சுமந்துகொண்டு ஆட்களையும் அடைத்து ஏற்ற முடியாது. காரணம் நியாயம்தான், ஆனால் அதற்கான சிங்கப்பூர் வெள்ளியை எண்ணி வைத்தபோது வயிறு எரிந்தது.

அந்த எரிச்சல் எல்லாம் முன்சீட்டுத் திரையில் வரைபடத்தைப் பார்த்ததும் போயே போச்சு! உலக உருண்டையில் இந்த இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், ஏறக்குறைய வட துருவத்தின் மேலேயே போகும். எங்கள் விமானமோ ஜப்பான் பக்கம் ஏறி, பசிபிக்கைக் கடந்து, அலாஸ்காவை ஒட்டி வந்தது. கிலோமீட்டர் கூடுதல்தான். ஆனால் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. திரையில் பின்காற்று மணிக்கு 170 கிலோமீட்டர், தரையை வைத்துக் கணக்கிடும் வேகம் 1,070-ஐத் தாண்டியது. சாப்பாட்டுத் தட்டை எடுக்க வந்தவரைக்கூடக் கவனிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போதும் சில நாட்கள் கிழக்கு நோக்கியே, அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவார்களாம். போய்வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றிய கணக்கு!

கோடையில் நியூயார்க் சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் பின்னால். அதனால் உள்ளூர்க் கடிகாரப்படி ஏறி ஆறேமுக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடுகிறோம். உடம்பு அதை ஒத்துக்கொள்ளாது. நடு ராத்திரி பசிக்கும், பட்டப்பகலில் கண் செருகும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், எழுந்து எழுந்து நடங்கள்.

இறங்கியதும் ஒருவர் வளைத்தார். வெளியே வருவதற்குள் “டாக்ஸி, டாக்ஸி” என்று பெட்டியில் கை வைத்து, மன்ஹாட்டனுக்கு 140 டாலர் கேட்டார். பகல் கொள்ளை! மஞ்சள் டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம் 70 டாலர். சுங்கம், கூடுதல் கட்டணம், டிப்ஸ் தனி. பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அதிகாரபூர்வ வரிசையில் போய் நின்றேன். உள்ளே வந்து கூப்பிடுகிற யாரோடும் போகாதீர்கள்.

சென்னையிலிருந்து சித்தி போன் பண்ணி, தானும் இதே வழியில் வரலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் சித்தி என்றேன். சென்னை – நியூயார்க் குறுகிய தூரமே சுமார் 13,500 கிலோமீட்டர்தான். சிங்கப்பூருக்கு 2,900 கிலோமீட்டர் வந்து, அதற்குமேல் இந்த 15,350-ஐயும் எதற்குச் சுற்ற வேண்டும்? துபாய், தோஹா, லண்டன் என்று எந்தப் பக்கம் மாறினாலும் தூரம் குறையும், எகானமி டிக்கெட்டும் கிடைக்கும்.