ஏம்ஸ் ஜன்னல்: ஒருவழியாக ஆடுகிறது

ஆடிவிட்டது! ஒரு பக்கம் நெடிதாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் சரிவகமாக வெட்டி, மோட்டாரில் ஒரே திசையில் முழு வட்டம் சுற்றும் அட்டை ஜன்னல், பாதியில் நின்று வந்த வழியே திரும்புவதுபோல இடமும் வலமுமாக ஆடுகிறது. இந்தக் கண்மயக்குக்குத்தான் ஏம்ஸ் ஜன்னல் என்று பெயர். மாடிவீட்டுச் சிறுவன், "மோட்டார் ரிவர்ஸில் போகிறது, அங்கிள்" என்று அடித்துச் சொன்னான். ஸ்டூலில் ஏறி மேலிருந்து பார்க்கச் சொன்னேன். ஒரே திசையில் சுற்றுவதைப் பார்த்தான். இறங்கி மறுபடி ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "இப்போது மட்டும் ரிவர்ஸ்" என்றான்.

வெட்டியது, துளையிட்டது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான். நெடும்பக்கம் 30 செ.மீ., குறும்பக்கம் 18. இரு முகத்திலும் ஒரே ஓவியம். உயிரை வாங்கியது அந்த ஓவியத்தில் வரும் சட்டங்களின் நிழல். ஜன்னல் சாய்வாகத் தெரிய வேண்டுமென்றால் சட்டத்துக்குத் தடிமன் இருப்பதாகக் கண் நம்ப வேண்டும். நான் இறக்கிய மாதிரிப் படத்தில் ஜன்னல் கட்டங்களின் (திறப்புகளின்) இருபுறமும் நிழல் பூசியிருந்தார்கள். சுத்த அபத்தம்! சாய்ந்து நிற்கும் ஜன்னலில் ஒவ்வொரு திறப்பின் தொலைவு ஓரத்துத் தடிமன்தான் கண்ணில் படும். அருகு ஓரத்துடையது சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகவே குறும்பக்கத்தை ஒட்டிய ஓரத்தில் மட்டும் அடர்சாம்பல். மேல்வரிசைத் திறப்புகளின் மேல்விளிம்புக்குக் கறுப்பு, கீழ்வரிசைத் திறப்புகளின் அடிவிளிம்புக்கு வெளிர்சாம்பல். இதைப் பூசிய பிறகுதான் ஆட்டம் அழுத்தமாக வந்தது.

பெயின்ட் பளபளப்பில்லாததாக இருக்கட்டும். மினுக்கம் அட்டையின் மேல் நகர்ந்தால் சுற்றுவது காட்டிக்கொடுக்கப்பட்டுவிடும். பக்கவாட்டு விளக்கும் ஆகாது.

மோட்டார், மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றுவது. சென்னையின் மின்னணுச் சாமான் கடைத்தெருவான ரிச்சி தெருவில் பழையதே கிடைத்தது. மேலே 5/6 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 5 அல்லது 6 சுற்று) என்று இருக்கும், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 5 சுற்று. இந்த வேலைக்கென்றே செய்ததுபோன்ற வேகம். எந்தத் திசையில் கிளம்பும் என்று சொல்ல முடியாது. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, பார்ப்பவருக்கு எப்படியும் தெரியாது. 230 வோல்ட் என்பதால் இணைப்புகளை மூடாமல் மேசையில் வைக்காதீர்கள்.

இந்த ஜன்னலுக்குப் பெயர் தந்த அமெரிக்க ஆய்வாளர் அடெல்பர்ட் ஏம்ஸ் இதைப் பற்றி 1951-இல் விரிவாக எழுதினார். நெடும்பக்கம் பின்னால் போனாலும் கண்ணில் விழும் அதன் உருவம் குறும்பக்கத்தைவிடப் பெரிது. பெரிதாகத் தெரிவதை அருகில் இருப்பதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. செவ்வக ஜன்னல்களைப் பார்த்துப் பழகியதும் இதற்குக் காரணமா என்று 1957-இல் உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் பெட்டிக்ரூவும் தென்னாப்பிரிக்காவில் ஜூலு சிறுவர்களிடம் சோதித்தார்கள். 20 அடியில் ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது பெரும்பாலோருக்கும் ஆடியது. அருகில், இரு கண்ணாலும் பார்த்தபோது செவ்வக ஜன்னல்களை அதிகம் பார்த்திராத கிராமத்துச் சிறுவர்களில் குறைவானவர்களுக்கே ஆடியது. என் கூடத்தில் 20 அடி ஏது? வாசற்படியில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்டம் ஒன்றில் பென்சிலைக் குறுக்கே செருகினால் வேடிக்கை இரட்டிப்பு. ஜன்னல் ஆட, பென்சில் மட்டும் முழுதாகச் சுற்றிச் சட்டத்தைத் துளைத்துக்கொண்டு போகிறது.

பீடத்துக்கு இன்னும் கறுப்பு அடிக்கவில்லை, மோட்டாருக்குப் பெட்டியும் இல்லை. அதற்குள் மனம் கொலு பொம்மை அச்சுக்குத் தாவிவிட்டது: குழிந்த முக அச்சைக் கீழிருந்து வெளிச்சமடித்துப் பார்த்தால் புடைத்துத் தெரியும், நடந்தால் கூடவே திரும்பும். பழைய அச்சை விற்கும் பொம்மைக்காரர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். ஒரு சாண் உயரத்துக்குக் குறையாத முகமாக வேண்டும்.