பேஸ்பால் தெரியாதவன் பார்த்த பேஸ்பால் அட்டைகள்

பேஸ்பால் விதிகள் எனக்கு இன்றுவரை அரைகுறைதான். யார் எப்போது ஓட வேண்டும், ஏன் ஓடாமல் நிற்கிறார் என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது சொன்னால்தான் விளங்கும். இருந்தும் கொஞ்ச காலமாக என் ராத்திரிகள் நூறு வருடத்துக்கு முந்தைய பேஸ்பால் ஆட்டக்காரர்களின் முகங்களோடுதான் கழிகின்றன. இழுத்தது விளையாட்டு இல்லை, அச்சு. ஆப்செட் அச்சகத்தில் கலர் சரிபார்த்தே பாதி ஆயுளைப் போக்கியவன் நான். எந்தக் கலர் தாளைப் பார்த்தாலும் லூப்பை (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் புள்ளியைப் பார்க்காவிட்டால் கை அரிக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் சிகரெட் பாக்கெட்டோடு வந்த பழைய பட அட்டைகளைப் பெரிய அளவில் ஸ்கேன் எடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. உரிமைச் சிக்கல் இல்லாத படங்களை 2017இலிருந்து யாரும் இறக்கிக்கொள்ளவும் விட்டிருக்கிறார்கள். இது தெரிந்து உள்ளே போனேன், இன்னும் வெளியே வரவில்லை.

எல்லாரும் தேடுவதைத்தான் நானும் முதலில் தேடினேன்: பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஹோனஸ் வாக்னர். 1909இலிருந்து 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் போட்டுக் கொடுத்த வரிசையில் ஒரு அட்டை. அந்த வரிசைக்குச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் டி206. மொத்தம் 524 அட்டைகள். தன் படத்தைப் போட வாக்னர் சம்மதிக்கவில்லை, அதனால் கொஞ்சம்தான் வெளியே போனது. சின்னப் பையன்கள் அட்டைக்காகச் சிகரெட் வாங்குவார்களே என்று மறுத்தார் என்பது ஒரு கதை. பணம் படியவில்லை என்பது இன்னொரு கதை. முதல் கதையை நம்பத்தான் எல்லாருக்கும் ஆசை. மனிதர் தானே புகையிலை போடுபவர் என்பதை அந்தக் கதை சொல்பவர்கள் மெதுவாகத் தாண்டிப் போய்விடுவார்கள். 2022இல் ஒரு வாக்னர் அட்டை 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

சரி, திரையில் பார்த்தால் என்ன? ஆரஞ்சு நிறப் பின்னணியில் நடுவகிடு எடுத்த ஒருவர் கொஞ்சம் கவலையோடு பக்கவாட்டில் பார்க்கிறார். பட்டியலில் அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். மூவருக்கும் ஒரே அளவுக் கட்டம். கண்ணாடிப் பேழை கிடையாது, தனி விளக்கு கிடையாது, காவலாளி கிடையாது. இந்தச் சமத்துவம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஏலக்கடையில் இது நடக்காது. நேரில் போகிற அருங்காட்சியகத்திலும் நடக்காது. காகிதம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும் என்பதால் ஒரு சமயத்தில் கொஞ்சம் அட்டைகளைத்தான் எடுத்து வைக்க முடியும். அப்படி வைத்தால் பேர்போனவர்கள்தான் வருவார்கள். திரையில் மட்டும்தான் யாரும் கேள்விப்படாத ஓர் ஆட்டக்காரரின் முகத்தில் பத்து நிமிஷம் நிற்கலாம், யாரும் பின்னாலிருந்து இடிக்க மாட்டார்கள்.

நான் நின்றது கன்னங்களில். இந்த அட்டைகள் ஆப்செட் இல்லை, கல் அச்சு. லித்தோ கல்லில் நிறத்துக்கு ஒரு கல்லாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டியவை. இன்றைய அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு நிறப் புள்ளிகளும் கணக்காக ஆளுக்கொரு கோணத்தில் சாய்ந்து வரிசை கட்டும். பெரிதாக்கினால் சின்னச் சின்ன வட்டப்பூ மாதிரி அமையும். டி206 முகத்தைப் பெரிதாக்கினால் அந்த வரிசை இல்லை. புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றன. மூக்கின் ஓரத்தில் நெருக்கம், கன்னத்தின் மேட்டில் கலைசல். ஒரு ஓவியத் தொழிலாளி ஒவ்வொன்றாகக் குத்தி வைத்த புள்ளிகள் அவை. அடிப்படை ஒரு கறுப்பு வெள்ளை ஸ்டுடியோ படம்தான். வாக்னரை எடுத்தவர் பாஸ்டனைச் சேர்ந்த கார்ல் ஹார்னர். அதன்மேல் தோலுக்கு ரோஸ், உதட்டுக்குச் சிவப்பு, வானத்துக்கு ஏதோ ஒரு நம்பமுடியாத ஊதா என்று நிறம் கூட்டியவரின் பெயரை யாரும் அட்டையில் போடவில்லை. சில அட்டைகளில் ரிஜிஸ்டர், அதாவது நிறத்தின்மேல் நிறம் பொருந்துவது, ஒரு மயிரிழை தள்ளிப் போயிருக்கிறது. உதட்டுச் சிவப்பு தாடையில் உட்கார்ந்திருக்கிறது. என் அச்சகத்தில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார்கள். அட்டையின் நிஜ அகலம் நாலு சென்டிமீட்டர்கூடக் கிடையாது என்பதை நினைத்தால் மன்னிக்கலாம். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும் கையில் இருக்கும் அட்டை இவ்வளவையும் காட்டிவிடாது.

இதற்கும் முந்தியவை, 1880களின் ஓல்ட் ஜட்ஜ் சிகரெட் அட்டைகள், வேறு ஒரு வேடிக்கை. இவை அச்சே இல்லை. நிஜப் புகைப்படத்தை அட்டையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஓடுகிற ஆளைப் பிடிக்கிற கேமரா அன்றைக்கு நடைமுறையில் இல்லை. அதனால் ஆட்டக்காரரை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு, பின்னால் மரம் செடி வரைந்த திரையைத் தொங்கவிட்டு, பந்து பிடிப்பது போல நிற்க வைத்தார்கள். பந்து அந்தரத்தில் நிற்க வேண்டுமே? நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். பெரிதாக்கினால் சில படங்களில் அந்த நூல் பளிச்சென்று தெரியும். ஒருவர் தரை விரிப்பின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, பாய்ந்து வந்து சறுக்குகிற மாதிரி முகத்தை வைத்திருப்பார். மீசை மட்டும் துளியும் கலையாது. அசையாமல் அசைவது போல் நடிக்க எவ்வளவு கஷ்டப்பட்டார்களோ!

1911இல் வந்த மெக்கா சிகரெட்டின் மடிப்பு அட்டையையும் சொல்லியாக வேண்டும். ஒரு அட்டையில் இரண்டு ஆட்டக்காரர்கள். மேல்பாதியை மடித்தால் ஒருவர் போய் இன்னொருவர் வருவார், ஆனால் கால்கள் இரண்டு பேருக்கும் பொது. செலவை மிச்சம் பிடிக்கிற அச்சு முதலாளிக்குக்கூட இந்த யோசனை வந்திருக்காது. திரையில் இதை மடித்துப் பார்க்க முடியாதது ஒரு குறை.

இந்தக் குவியலை மெட்ரோபாலிட்டனுக்குக் கொடுத்தவர் ஜெபர்சன் பர்டிக். சைரக்யூஸ் நகரத்தில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு தனியாள். கோடீஸ்வரர் இல்லை, குடும்பமும் இல்லை. சேர்த்தது 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளும் துண்டுக் காகிதங்களும். அதில் பேஸ்பால் மட்டும் 30,000க்கு மேல். 1947இல் அருங்காட்சியகத்தை அணுகினார். வாங்கிக்கொள்கிறோம், ஆனால் வகை பிரித்து அடுக்குவது உங்கள் பொறுப்பு என்றார்கள். வருடக்கணக்கில் வந்து போய், கடைசியில் நியூயார்க்குக்கே குடிவந்து, மூட்டுவாதத்தில் முறுக்கிக்கொண்ட விரல்களால் ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரி 10ஆம் தேதி கடைசி அட்டையை ஒட்டி முடித்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் இரண்டு மாதத்தில் போய்ச் சேர்ந்தார்.

டி206 என்கிற எண்ணே அவர் வைத்ததுதான். இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை என்றால் டி, பத்தொன்பதாம் நூற்றாண்டு என்றால் என், பபிள்கம், மிட்டாய் என்றால் ஆர். உலகம் முழுக்க ஏலக்காரர்கள் இன்றும் அந்த எழுத்துகளைத்தான் உச்சரிக்கிறார்கள். அவருடைய பட்டியலில் வாக்னருக்குப் போட்டிருந்த விலை 50 டாலர். அவர் பசை போட்டு ஒட்டியதைப் பார்த்தால் இன்றைய சேகரிப்பாளர்களுக்கு நெஞ்சு அடைக்கும். ஒட்டிய அட்டைக்குச் சந்தையில் மதிப்பு ஏது? எனக்கு என்னவோ அந்தப் பசைதான் அவற்றைச் சந்தையிலிருந்து காப்பாற்றியது என்று தோன்றுகிறது. சந்தையில் மாட்டியவற்றின் கதி தெரியுமா? உலகப் புகழ்பெற்ற ஒரு வாக்னர் அட்டை, ஓரங்கள் கத்தி மாதிரி கூர்மையாக இருந்ததற்காகவே, அட்டைகளுக்குத் தரம் போடுகிற கம்பெனியிடம் உயர்ந்த மதிப்பெண் வாங்கியது. ஓரத்தைத் தானே நறுக்கியதாக அதை விற்ற ஏலக்காரர் 2013இல் ஒப்புக்கொண்டார். நூறு வருடம் கைபட்ட அட்டை, கட்டிங் மெஷினிலிருந்து இப்போதுதான் எடுத்தது போல் இருந்தால் எந்த பைண்டிங் பையனும் சந்தேகப்பட்டிருப்பான்.

இதே மாதிரி காங்கிரஸ் நூலகத்தில் 1887 முதல் 1914 வரையிலான 2,100 அட்டைகள் இணையத்தில் இருக்கின்றன. அவற்றை 1954இல் நூலகத்துக்குக் கொடுத்தவர் கவிஞர் கார்ல் சாண்ட்பர்க். நியூயார்க் பொது நூலகத்தின் ஆரண்ட்ஸ் தொகுப்பில் சிகரெட் அட்டைகள் கொள்ளை கொள்ளையாக உண்டு. நம் கிரிக்கெட் பிரியர்கள் அங்கே போகலாம். பிரிட்டனில் வில்ஸ் கம்பெனி 1896இலேயே 50 கிரிக்கெட் ஆட்டக்காரர்களை அட்டையில் போட்டுவிட்டது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் 1940இல் அங்கே சிகரெட் அட்டை நின்றே போனது.

இப்படி முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போகும்போது ஒன்று உறைக்கும். டி206இல் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. பெரிய லீக்குகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. 1947இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்கு ஜாக்கி ராபின்சன் வந்த பிறகுதான் அட்டைகளின் நிறமும் மாறுகிறது. அதற்கு அறுபது வருடம் முன்பே, 1887இல், ஆலன் அண்ட் ஜின்டர் சிகரெட் கம்பெனியின் வரிசையில் குத்துச்சண்டைக்காரர்கள், படகோட்டிகள் நடுவே துப்பாக்கி சுடும் ஆன்னி ஓக்லி இருக்கிறார். ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்திருக்கிறது. யாருக்கு எப்போது கதவு திறந்தது என்று விளையாட்டு வரலாற்றுப் புத்தகத்தைவிட இந்த அட்டை வரிசை முகத்துக்கு நேரே காட்டுகிறது.

வியாபாரத் தந்திரங்களுக்கும் குறைவில்லை. 1933இல் கவுடி பபிள்கம் கம்பெனி 240 அட்டை வரிசை ஒன்றை விட்டது. அதில் நட்சத்திர ஆட்டக்காரர் பேப் ரூத் மட்டும் நாலு அட்டையில். ஆனால் 106ஆம் எண் அட்டையை அச்சடிக்கவே இல்லை. பிள்ளைகள் அதைத் தேடித் தேடி கம் வாங்கித் தீர்த்தார்கள். கடிதம் போட்டுச் சண்டை பிடித்தவர்களுக்கு மட்டும் அடுத்த வருடம் பழைய ஆட்டக்காரர் லாஜுவேயின் படத்தோடு 106ஐ அடித்து அனுப்பினார்கள். டாப்ஸ் என்கிற அட்டைக் கம்பெனியின் 1952 வரிசையின் கதை நேர்மாறு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றிய அழகான அட்டைகள். கடைசிப் பகுதி விற்கவில்லை. வருடக்கணக்கில் கிடங்கில் கிடந்ததை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் கொட்டிவிட்டார்கள். கொட்டியதில் நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேன்டிலின் 311ஆம் எண் அட்டையும் உண்டு. தப்பிய ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்குப் போனது.

புது அட்டைகளுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ஏமாற்றம்.

கணினிக் காலத்தில் பிறந்தவை, திரைக்குத்தானே பொருத்தம் என்று நினைத்தேன். கையால் குத்திய புள்ளியும் ஒட்டிய புகைப்படமும் ஸ்கேனரில் ஜம்மென்று உட்கார, 1993க்குப் பிறகு வந்தவை அதே ஸ்கேனரில் செத்துக் கிடக்கின்றன. அந்த வருடம் டாப்ஸ் ஃபைனஸ்ட் வரிசையில் ரிஃப்ராக்டர் என்று ஒன்றை நுழைத்தார்கள், 18 பாக்கெட்டுக்கு ஒன்று. மேல்பூச்சு வெளிச்சத்தை வானவில்லாகப் பிரிக்கும். கையில் வைத்து லேசாகச் சாய்த்தால்தான் சாதா அட்டைக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியும். ஸ்கேனர் ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் பாய்ச்சி எடுத்த படத்தில் அது சாம்பல் பூத்த தகடு. 1989இல் அப்பர் டெக் கம்பெனி அட்டையின் பின்பக்கம் வைத்த ஹாலோகிராம் இன்னும் மோசம். திரையில் ஒரு கறுப்புக் கறை. தொண்ணூறுகளின் பாதியில் ஆட்டக்காரர் போட்ட சட்டையின் துண்டை அட்டைக்குள் பதிக்க ஆரம்பித்தார்கள். அதன் மொத்தக் கவர்ச்சியும் விரல் நுனியில். 2003இல் ஒரு கம்பெனி பேப் ரூத்தின் நிஜச் சட்டையை ஏலத்தில் எடுத்து, அட்டைக்கு ஒரு துண்டாகக் கத்தரித்துப் போட்டது. அருங்காட்சியகத்தில் முழுசாகத் தொங்க வேண்டிய ஒன்றை நறுக்கிய அந்தக் கத்தரியை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

புது அட்டைகளை மட்டம் தட்டவில்லை. ஒரு ரிஃப்ராக்டரில் பூச்சு ஏற்றுகிற வேலையின் நுணுக்கம் எனக்குத் தெரியும். லித்தோ கல்காரர் பார்த்தால் மயங்கி விழுவார். தட்டையான ஸ்கேன் அதற்குப் போதாது, அவ்வளவுதான். இதற்கு வழியும் இருக்கிறது. கேமராவை அசையாமல் வைத்து, விளக்கை மட்டும் பல திசைகளில் நகர்த்திப் பல படம் எடுத்து ஒன்றாக்கும் முறை 2001 வாக்கில் ஹெச்பி ஆய்வகத்தில் உருவானது. பார்ப்பவர் மவுஸை நகர்த்தினால் படத்தின்மேல் வெளிச்சம் நகரும். தேய்ந்த நாணயங்களையும் களிமண் பலகை எழுத்துகளையும் படிக்க அருங்காட்சியகங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. ஒரே ஒரு 1993 ரிஃப்ராக்டருக்கு யாராவது இதைச் செய்து இணையத்தில் போட்டால் போதும், ஓல்ட் ஜட்ஜ் அட்டைகளில் நூல் தேடுவதை ஒரு வாரம் நிறுத்திவைக்க நான் தயார்.